பழைய ஆக்டேவியா வாங்கப் போறீங்களா? பேட்ஜைப் பார்க்காதீங்க, ஆர்.சி.யைப் பாருங்க!

பத்து வருடம் ஓடிய ஸ்கோடா ஆக்டேவியா, இன்று ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்கே கைக்கு வந்துவிடுகிறது. கனமான கதவு, ஹைவேயில் அலுங்காத ஓட்டம், 590 லிட்டர் டிக்கி. அந்த டிக்கியும் பின் கண்ணாடியோடு சேர்ந்து முழுசாகத் திறக்கும். பொங்கல் பானையும் பாய் தலையணையுமாகக் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினாலும் இடம் மிச்சம் இருக்கும். பல குடும்பங்கள் இந்தக் காரைத் தேடுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால், விலை குறைந்தது வண்டிக்கு மட்டும்தான். ஸ்பேர் பார்ட்ஸுக்கு அல்ல. 20 லட்சத்துக்கு விற்ற கார் 7 லட்சத்துக்கு வந்தாலும், அதன் கியர்பாக்ஸ் பழுதானால் பில் வருவது 20 லட்ச ரூபாய் காருக்கான கணக்கில்தான். சேமிப்பு மொத்தத்தையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரே உடம்பு, வேறு வேறு இதயம்

இந்தியாவில் 2013-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஆக்டேவியாதான் இன்று செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதிகம் தேடப்படுவது. வெளியில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். உள்ளே மூன்று வெவ்வேறு கார்கள். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 180 ஹார்ஸ்பவர், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். 2 லிட்டர் டீசல், மேனுவல் அல்லது 6 ஸ்பீடு டிஎஸ்ஜி.

இவற்றுக்கு மேலே ஆர்எஸ். 2017-ல் சுமார் 25 லட்சம் ரூபாய்க்கு வந்த ஆர்எஸ் 230 ஹார்ஸ்பவர் கொண்டது. 2020-ல் வந்த ஆர்எஸ் 245, சுமார் 36 லட்சம். இந்தியாவுக்கு வந்ததே 200 கார்கள்தான். அதே பின் சீட், அதே டிக்கி. ஆனால் 100 கி.மீ. வேகத்தை ஏழு விநாடிக்குள் தொட்டுவிடும்.

பேட்ஜ் ஒட்டினால் ஆர்எஸ் ஆகிவிடுமா?

சாதாரண ஆக்டேவியாவில் ஆர்எஸ் பேட்ஜ், கறுப்பு கிரில், பெரிய அலாய் வீல் எல்லாம் மாட்டி விலையை ஏற்றுபவர்கள் உண்டு. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை, ஆர்.சி. புக் போதும். அதில் எஞ்சின் சிசி இருக்கும். 1395 என்றால் 1.4 பெட்ரோல். 1798 என்றால் 1.8 பெட்ரோல். 1968 என்றால் டீசல். 2017, 2020 ஆர்எஸ் கார்களில் 1984 என்று இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். 2011-ல் வந்த லாரா விஆர்எஸ்ஸின் எஞ்சின், சாதாரண லாரா 1.8 பெட்ரோலில் இருந்த அதே 160 ஹார்ஸ்பவர் எஞ்சின்தான். வேறுபாடு தோற்றத்திலும் சஸ்பென்ஷனிலும்தான். அதற்குக் கூடுதல் பணம் கேட்டால், எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

கியர்பாக்ஸ்: இங்கேதான் பணம் போகும்

1.8 பெட்ரோலில் இருக்கும் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி, ‘ட்ரை கிளட்ச்’ வகை. அதாவது, கிளட்ச் எண்ணெயில் மூழ்கி இருக்காது. சிட்டி டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடு ஏறி, கிளட்ச் சீக்கிரம் தேயும். கியரை மாற்றும் ‘மெகாட்ரானிக்ஸ்’ பகுதியும் பழுதாவதுண்டு. டீசலிலும் 2017, 2020 ஆர்எஸ்ஸிலும் இருப்பது எண்ணெயில் இயங்கும் ‘வெட் கிளட்ச்’. சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் 6 ஸ்பீடு வெட் கிளட்ச் டிஎஸ்ஜிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும். மாற்றியதற்கான பில்லைக் கேளுங்கள். ‘மாத்தியாச்சு சார்’ என்ற வாய்வார்த்தை பில் ஆகாது.

டெஸ்ட் டிரைவை டிராஃபிக்கில் வைத்துக்கொள்வது நல்லது. முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது உதறுகிறதா, ரிவர்ஸில் தயங்குகிறதா, மேம்பாலம் ஏறும்போது வழுக்குகிறதா என்று கவனித்தால் பாதி உண்மை வெளியே வந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முதல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும் முன்பே எஞ்சின் சூடாக இருந்தால், எதையோ மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

முரட்டுக் கையில் இருந்த வண்டியா?

டர்போ கார்களில் ‘ரீமேப்’ செய்து பவரை ஏற்றுவது ஓர் ஆர்வம். விற்கும் முன் மென்பொருளைப் பழையபடி மாற்றிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தடயங்கள் மட்டும் மிஞ்சும்: மாற்றிய சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர், சீக்கிரம் தேய்ந்த டயர்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம்.

அதைவிட முக்கியம், ஏர்பேக். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கின் இணைப்பை மட்டும் துண்டித்திருக்கலாம். பின் சீட்டில் பிள்ளைகள் வரப்போகும் வண்டியில் இந்தச் சந்தேகத்துக்கே இடம் தரக்கூடாது.

சென்னை 2015-லும் 2023-லும் வெள்ளம் பார்த்த ஊர். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். நுனியில் சேற்றுக்கறை இருந்தால் அது தண்ணீரில் நின்ற வண்டி. ஸ்டெப்னிக்குக் கீழே துரு, ஏசி போட்டதும் வரும் ஈர வாடை ஆகியவையும் அதையே சொல்லும்.

டெல்லி வண்டி ஏன் மலிவு?

10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு டெல்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த வயதை நெருங்கிய டீசல் கார்கள் அங்கே மலிவாகக் கைமாறியதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. (படிவம் 28), தமிழ்நாட்டில் சாலை வரி, மறுபதிவு, கொண்டுவரும் செலவு எல்லாவற்றையும் கூட்டிய பிறகே மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

பேப்பர் வேலை பாக்கி வைக்காதீர்கள்

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் இல்லாமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும். வண்டியை விற்றுவிட்டாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

யாருக்கு எது?

தினமும் டிராஃபிக்கில் ஆபீஸ், மாதம் ஒருமுறை ஊர் என்றால் 1.4 மேனுவல் நிம்மதி. வருடம் முழுக்க ஹைவே ஓட்டம் என்றால் டீசல். 1.8, கியர்பாக்ஸ் வேலை செய்த பில்லோடு வந்தால் நல்ல வண்டி. ஆர்எஸ் ஆசைப்பட்டு வாங்குவது. தாழ்ந்த உயரம், பெரிய வீல், மெல்லிய டயர். ஐந்து பேரோடு நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டும்போது ஓட்டுபவரின் பொறுமையைச் சோதிக்கும்.

எதை வாங்கினாலும் வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். 10 லட்சம் கையில் இருந்தால், 8 லட்சத்துக்குள் வண்டியைத் தேடுங்கள். முதல் வருடத்தில் அந்தப் பணத்துக்கு வேலை வராவிட்டால் சந்தோஷம். வந்தாலும், வீட்டு நகை அடகுக்குப் போகாது.