உங்களுக்குத் தெரியுமா? சொப்பு விளையாட்டும் கவனமும்

கண்ணையும் காதையும் இழுப்பவற்றின் பின்னே ஓடாமல், எடுத்த செயலில் மனத்தைத் தானே நிறுத்தும் ஆற்றலை உளவியலார் ‘செயலாட்சிக் கவனம்’ என்பர். மூளையின் முன்பகுதி முதிர முதிர, இது 3 முதல் 7 வயதுக்குள் விரைந்து வளர்கிறது. வெறுமனே அசையாமல் நிற்கப் பணிக்கப்பட்ட குழந்தைகள், காவற்காரராகப் பாவித்து விளையாடியபோது கூடுதல் நேரம் நின்றதை 1948இல் சோவியத் ஆய்வாளர் மனுயிலென்கோ பதிவுசெய்தார். தாமிரபரணிக் கரையின் அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து, அரக்குச் சாயமேற்றிச் செய்யப்படும் சொப்புச் சாமான்களும் இத்தகைய பாவனைக்கே இடம் தருகின்றன: மணலை அரிசியாக உலையிலிட்டு, அது வேகும்வரை காத்திருந்து, வடித்துப் பரிமாறும் குழந்தை, இடையில் கைநீட்டும் தம்பியை “இன்னும் வேகலை” என்று தடுக்கும்போது தன் அவசரத்தையும் அடக்கிக்கொள்கிறது. இதை வீண்பொழுதென்று ஒதுக்கி, எழுத்துப் பயிற்சி ஏட்டை முந்தித் திணிப்பது பெரியவர்களின் அவசரமே.