பிராசஸர் மீது பழி போடாதீர்கள்

பத்து வருடப் பழைய டெஸ்க்டாப்பை ஆன் செய்தால், திரை வந்த பிறகும் மவுஸ் அம்புக்குறி அருகே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் பிராசஸர் ஓய்வாக இருக்கும்; டிஸ்க் மட்டும் 100 சதவீதம் என்று காட்டும். கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது என்கிறோம். உண்மையில் அது ஹார்ட் டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கிறது.

1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த அமைப்புதான் இன்றும்: சுழலும் தட்டு, அதன் மேல் நகரும் கை. வீட்டு டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். கை உரிய தடத்துக்குப் போக ஏறக்குறைய 8 மில்லி விநாடி; வேண்டிய இடம் சுழன்று கைக்கு அடியில் வர சராசரியாக இன்னொரு 4. இப்படிப் பார்த்தால் விநாடிக்கு 80 தேடல்தான். விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவை.

ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக வந்த எஸ்எஸ்டியில் எதுவும் சுழல்வதில்லை. 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. அதன் ஒவ்வொரு செல்லிலும், மின்சாரம் கடத்தாத மெல்லிய சுவருக்குப் பின்னால் எலெக்ட்ரான்கள் அடைபட்டிருக்கும். உயர் மின்னழுத்தம் கொடுத்தால், குவாண்டம் விதிப்படி அவை ஓட்டையே இல்லாத அந்தச் சுவரை ஊடுருவி உள்ளே போகும். மின்சாரம் போனாலும் அங்கேயே தங்கும். உள்ளே இருக்கும் மின்னூட்டத்தின் அளவுதான் தகவல். டிஎல்சி வகையில் ஒரு செல் 8 அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். கியூஎல்சி வகையில் 16. எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் சுவர் கொஞ்சம் தேயும். அளவுகள் நெருக்கமாக இருக்கும் கியூஎல்சியை அந்தத் தேய்மானம் சீக்கிரம் பாதிக்கும். அதனால் விலை வித்தியாசம் சிறிதென்றால் டிஎல்சியே நல்லது.

வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமின் கதை வேறு. 1966-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் போதும் என்று கண்ட செல்தான் இன்றும் அதில் இருக்கிறது. வேகம் அதிகம், ஆனால் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். டிடிஆர்4 ரேமில் 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு செல்லையும் படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். 16 ஜிபி ரேம் என்றால் 13,000 கோடிக்கும் மேற்பட்ட செல்கள். கம்ப்யூட்டர் ஓடும்வரை இந்த வேலைக்கு ஓய்வில்லை.

ரேமிலிருந்து ஒரு தகவல் வர ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டிக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஹார்ட் டிஸ்க்குக்கோ சுமார் 33 மணி நேரம்! ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில்தான் எழுதும். பத்துப் பதினைந்து பிரவுசர் டேப் திறந்ததும் பழைய மெஷின் திணறுவது அதனால்தான்.

புதிதாக வாங்கும்போது, விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்குச் சுமார் 550 எம்பி தரும். நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி 7,000 வரை போகும். ஆனால் அது பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். சிறு கோப்புகளைத் தேடும் அன்றாட வேலையில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. எனவே உச்ச வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ரேமைக் கூட்டலாம். இன்றைக்கு 16 ஜிபி நிம்மதியான அளவு. ஒரே 16-க்குப் பதில் இரண்டு 8 போட்டால் ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான இரு பாதைகளிலும் தகவல் வரும். பழைய டிடிஆர்3 ரேம் புதிய போர்டில் பொருந்தாது. டிடிஆர்4-க்கும் 5-க்கும்கூட வெட்டு இருக்கும் இடம் வேறு. போர்டைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் எஸ்எஸ்டியின் மின்னூட்டமும் மெல்லக் கசியும். காந்தப் பதிவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. குடும்பப் படங்களின் இரண்டாவது பிரதிக்கு அது உதவும். ஒரே பிரதியை மட்டும் அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.