வண்டியின் அடிவயிற்றுக்கு ஒரு தகடு

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி எடுத்த தரிசு நிலத்தில் இறங்கி நடந்தால் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். அரையடி உயரத்துக்குக் கட்டைகள் நிற்கும். அரிவாளைச் சாய்த்து வெட்டியிருப்பதால் ஒவ்வொன்றின் நுனியும் ஈட்டிதான். குவாட் பைக் என்றும் ஏடிவி என்றும் சொல்லப்படும் நான்கு சக்கர வண்டியை இந்த நிலத்தில் ஓட்டுகிறவர்கள் முதலில் பயப்பட வேண்டியது மேட்டுக்கோ பள்ளத்துக்கோ அல்ல, இந்தக் கட்டைகளுக்கு. பெரிய குவாட் பைக்குகளின் அடிப்பாகம் தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் அடிக்குள்தான் இருக்கும். ஒரு சக்கரம் வாய்க்கால் பள்ளத்தில் இறங்கினால் அந்த அரையடிக் கட்டையே எஞ்சினைத் தொட்டுவிடும். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி உடைவதை மெக்கானிக்குகள் 'சேம்பர் போயிடுச்சு' என்பார்கள்; அது அப்படித்தான் நடக்கிறது. எண்ணெய் ஒழுகுவதை ஓட்டுபவர் கவனிப்பதற்குள் எஞ்சின் காய்ந்து இறுகிவிடும்.

பல வண்டிகளில் தொழிற்சாலையிலேயே ஓர் அடிமூடி வரும். பெரும்பாலும் அது சேறு தெறிக்காமல் காப்பதற்கான மெல்லிய பிளாஸ்டிக்; கட்டையைத் தாங்காது. அதனால்தான் ஸ்கிட் பிளேட் என்னும் அடித்தகட்டைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. இரும்பு, அலுமினியம், யுஎச்எம்டபிள்யூ என்னும் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் என்று மூன்று வகை கிடைக்கும். ஒரு சதுர மீட்டர் தகட்டுக்குக் கணக்குப் போட்டால் 3 மில்லிமீட்டர் இரும்பு 23 கிலோவைத் தாண்டும். 5 மில்லிமீட்டர் அலுமினியம் பதின்மூன்றரை கிலோ வரும். 12 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் பதினோரு கிலோவுக்குச் சற்று மேல். விலையை மட்டும் கேட்டு இரும்பை மாட்டுகிறவர்கள் பின்னால் சஸ்பென்ஷன் தொய்ந்துவிட்டது என்று பட்டறைக்கு வருவார்கள்.

திண்டுக்கல் சமவெளிக்கு என் ஓட்டு பாலிஎத்திலீனுக்குத்தான், இரண்டு நிபந்தனைகளோடு. மலைக்கோட்டையைச் சுற்றிலும் தரைக்கு மேல் தலைநீட்டும் கருங்கல் பாறை சொரசொரப்பானது. அலுமினியம் அதில் உரசினால் பற்றிக்கொண்டு வண்டியை நிறுத்தும். பாலிஎத்திலீன் வழுக்கிக்கொண்டு போய்விடும். முதல் நிபந்தனை வெயில். இந்தப் பொருள் சூட்டில் நன்றாக விரியும். காலை நிழலில் இருந்த ஒரு மீட்டர் நீளத் தகடு 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீளும். போல்ட் துளை வட்டமாக, இறுக்கமாக இருந்தால் சித்திரை மாதத்தில் தகடு நடுவில் உப்பித் தொங்கும், தரையிடைவெளியும் குறையும். துளைகள் நீள்வட்டமாக இருக்கின்றனவா, போல்ட்டின் தலை தகட்டுக்குள் புதைந்து உட்காருகிறதா என்று வாங்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். வெளியே துருத்தும் தலை பாறையில் தேய்ந்துவிட்டால் அப்புறம் ஸ்பேனர் பிடிக்காது. இரண்டாவது நிபந்தனை சைலன்சர். 130 டிகிரியை ஒட்டி உருகும் பொருளைப் புகைக்குழாயை ஒட்டிப் பொருத்தக் கூடாது. அந்த இடத்தில் மட்டும் அலுமினியத் துண்டு வைப்பதே சரி.

பொருள் அசலா என்று கடையிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பாலிஎத்திலீன் துண்டு தண்ணீரில் மிதக்கும். நைலானும் பிவிசியும் மூழ்கும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. தகட்டின் தடிமனுக்கு விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், வெர்னியரால் அளந்து பாருங்கள். விளம்பரத்தில் 5 என்று போட்டுவிட்டு 3 மில்லிமீட்டர் கொடுப்பது செய்யக்கூடிய ஏமாற்றுதான். பழுதுபார்ப்பையும் யோசியுங்கள். இரும்புத் தகட்டை எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிவிடலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்த கை வேண்டும்.

நடுத்தகடு மட்டும் போதாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சக்கரத்தையும் சட்டகத்தையும் இணைக்கும் கைகள் தகட்டுக்கு வெளியே நிற்கின்றன. அச்சு மூட்டைப் போர்த்தியிருக்கும் ரப்பர் உறையை முள் ஒரு கீறு கீறினால் போதும், கிரீஸ் வெளியேறி மண் உள்ளே புகும். சில வாரங்களில் மூட்டே போய்விடும். கருவேல நிலத்தில் ஓட்டுபவருக்கு நடுத்தகட்டைவிட இந்த உறைக்கவசம்தான் அவசரம். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்வது அபூர்வம்.

தகடு போட்ட பிறகு வரும் புது ஆபத்து ஒன்று உண்டு. தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் காய்ந்த புல்லும் சருகும் அடைந்துகொள்ளும். அருகிலேயே சூடான புகைக்குழாய். வெயில் காலத்தில் இது தீக்குத் தயாராக அடுக்கி வைத்த விறகு. இதுபோன்ற வண்டிகளில் தீ அமெரிக்காவில் பெரிய விவகாரமாகவே இருந்திருக்கிறது. 2016-இல் போலாரிஸ் நிறுவனம் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக ஆர்இசட்ஆர் வண்டிகளில் சுமார் 1,33,000-ஐத் திரும்ப அழைத்தது. 2018-இல் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு 2 கோடியே 72 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. அங்கே பழி தகட்டின் மேல் இல்லை. ஆனால் தகடு மாட்டி அந்தச் சூழலை நாமே உண்டாக்கக் கூடாது. கழுவிவிட வசதியாகத் துளைகள் உள்ள தகடாக, ஆயில் மாற்றும் போல்ட்டுக்கு வழி விட்ட தகடாக வாங்குங்கள்.

தகடு வண்டியைத்தான் காக்கும், ஓட்டுபவரை அல்ல. குவாட் பைக் ஓட்டுபவர்களின் சாவுக்கு வண்டி கவிழ்ந்து மேலே விழுவது முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு, 2021 அக்டோபர் 11 முதல் பொதுப் பயன்பாட்டுக்கான புதிய குவாட் பைக்குகளில் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் கம்பிக் கூண்டு போன்ற சாதனம் கட்டாயமானது. யமஹா, ஹோண்டா போன்ற நிறுவனங்கள் அந்தச் சந்தையிலிருந்தே விலகின. தகட்டுக்குச் செலவழிக்க நினைப்பவர் முதலில் நல்ல ஹெல்மெட்டை வாங்கிவிட்டு மிச்சப் பணத்தை எண்ணட்டும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 'பொது இடம்' என்பது தார்ச்சாலை மட்டுமல்ல. பொதுமக்கள் நுழைய உரிமையுள்ள எந்தப் பாதையும் அதில் அடங்கும். உங்கள் மாந்தோப்புக்குள் ஓட்டுவது வேறு, தோப்பிலிருந்து குளத்துக் கரைப் பாதையில் இறங்கிப் பக்கத்து ஊருக்குப் போவது வேறு. பதிவு இல்லாத வண்டியை அங்கே ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இந்தியாவில் விற்கும் குவாட் பைக்குகளில் பெரும்பாலானவை சாலைக்கான அங்கீகாரம் பெறாதவை. போலாரிஸ் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியை டிராக்டர் வகையில் அங்கீகாரம் பெற்று விற்றது ஒரு விதிவிலக்கு. விற்பவர் 'எல்லாம் சரி சார், ஓட்டலாம்' என்றால், பதிவு செய்ய உதவும் ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பதிவான வண்டியாக இருந்தால் அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொன்னது. அனுமதியில்லாமல் மாற்றினால் 182-ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. நிறுவனமே துணைப்பொருளாகத் தரும் தகட்டை வாங்கி, இருக்கும் துளைகளிலேயே மாட்டுவதுதான் குறைந்த வம்பு. சட்டகத்தில் துளையிட்டு, வெல்டு வைத்துக் கனத்த இரும்பை ஏற்றுவது அப்படியல்ல. காப்பீட்டு நிறுவனத்துக்கும் துணைப்பொருளின் விலையைச் சொல்லிப் பாலிசியில் சேர்த்தால்தான் சேதத்துக்கு இழப்பீடு கேட்க முடியும். பந்தயத்தில் ஓட்டி உடைத்தால் பொதுவாகக் கிடைக்காது.

நல்ல தகடு இருக்கிறது என்று காட்டுக்குள் விடுவது தனிக் குற்றம். அய்யலூர்ப் பக்கக் குன்றுகளில் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென நாட்டிலேயே முதல் சரணாலயம் அது. அனுமதியில்லாமல் உள்ளே வண்டி ஓட்டினால் வனச்சட்டமும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் பாயும்.

தகடு முதல் கட்டையிலேயே பிளந்துவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, உடைந்ததைப் பழைய இரும்புக்குப் போடுவது அல்லது வெல்டு வைத்து ஒட்டுவது. இரண்டையும் செய்யாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, பொருளின் குறையைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால் நுகர்வோர் ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வுக் கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டும். பொருளே இல்லாவிட்டால் எதைச் சோதிப்பது? பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பொருத்தும் முன்னும் உடைந்த பின்னும் எடுத்த போட்டோ ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். நீங்களே துளையை அகலப்படுத்தினால், தகட்டை வெட்டிச் சிறிதாக்கினால் அதையே எதிர்த்தரப்பு முதல் வாதமாக வைக்கும். பொருத்தமில்லாத தகட்டைத் திருத்தாமல் திருப்பி அனுப்புவது மேல்.

இணையத்தில் வாங்கிய வெளிநாட்டுத் தகடு என்றால் செய்தவர் யாரென்றே தெரியாமல் போகலாம். அப்போது, அந்தப் பொருளால் காயமோ வேறு சேதமோ நேர்ந்தால், 86-ஆம் பிரிவின்படி விற்றவரையே பொறுப்பாக்க இடமுண்டு. இறக்குமதிப் பொருளுக்கு எந்த நாட்டில் தயாரானது என்று இணையக் கடை காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும்.

அதிலும் பலனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்தது திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. சொந்தத் தோப்பில் விவசாயத்துக்காக வாங்கியவர் நுகர்வோர்தான். வாடகைக்கு விடும் தொழிலுக்காகப் பத்து வண்டிக்கு வாங்கியவர் அப்படிச் சொல்லிக்கொள்வது கடினம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு. கடைக்காரர் 'அடுத்த மாசம் மாத்தித் தர்றேன்' என்று வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது. அதனால் புகாரை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள்.