தாதியின் கையும் புவியின் நலமும்

மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என வகுத்தார் திருவள்ளுவர். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவனையும் சேர்த்து எண்ணி, அவனை உழைச்செல்வான் என்றார். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். தமிழகத்தார் செவிலியர் என்றும், மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் தாதியர் என்றும் அழைப்பது இப்பணியினரையே. பிறர் நலம் பேணும் இவர்தம் நலத்தைப் பேணுவார் யார்? இவர்கள் வாழும் புவியின் நலத்தைப் பேணுவார் யார்? தாதியர் கல்லூரிகளில் இவ்விரு வினாக்களும் இக்காலத்தே ஒரே அரங்கில் வைத்து ஆராயப்படுகின்றன. இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கையுறை என்னும் ஒரு சிறு பொருளைக்கொண்டு ஈண்டுக் காண்போம்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவைக்கூடத்தில் தலைமைத் தாதியாக இருந்தவர் கரோலின் ஹாம்ப்டன். கிருமி அழிப்பதற்காக அந்நாளில் பயன்பட்ட பாதரசக் கரைசல் அவருடைய கைகளைப் புண்ணாக்கியது. வேலையை விட்டு விலக வேண்டிய நிலை நெருங்கியது. அதைக் கண்ட அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், 1889-90 குளிர்காலத்தில் குட்இயர் ரப்பர் நிறுவனத்தாரிடம் சொல்லி, மெல்லிய ரப்பர்க் கையுறைகளைச் செய்வித்துக் கொடுத்தார். 1890-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கையுறை நோயாளியையும் காக்கும் என்பது பின்னரே நன்கு உணரப்பட்டது. ஆக, அறுவைக்கூடத்தில் அது புகுந்தது ஒரு தாதியின் கையைக் காப்பதற்காகவே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

காலம் மாறியது. ஒருமுறை அணிந்து எறியும் கையுறை வந்தது. குருதியும் உடல்நீரும் படக்கூடிய இடங்களில் அது இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. ஆனால் படுக்கை விரிப்பதற்கும், நாடி பார்ப்பதற்கும், நோயாளியைத் தாங்கி நடத்துவதற்கும்கூட அதை அணியும் பழக்கம் பரவியது. இதனால் விளைந்த கேடுகள் மூன்று. நெடுநேரம் அணிந்த கையில் வியர்வை தேங்கித் தோல் வெடிக்கிறது. அணிந்திருக்கிறோம் என்ற துணிவில் கைகழுவுதல் தவறிவிட, ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவரிடம் கிருமி சென்று சேர்கிறது. மூன்றாவது, குவியும் குப்பை. இன்றைய மருத்துவக் கையுறைகளுட் பெரும்பாலானவை மரப்பாலால் ஆனவையல்ல. நைட்ரைல் என்னும் பெட்ரோலிய வழிப்பொருளால் ஆனவை. அவற்றைச் செய்வதற்கும் எரிப்பதற்கும் செலவாகும் ஆற்றல் புவியின் வெப்பத்தைப் பெருக்குகிறது.

இலண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்திரீட் குழந்தைகள் மருத்துவமனைத் தாதியர் 2018-இல் ஓர் இயக்கம் தொடங்கினர். கையுறையைக் கைவிடுக என்பது அவர்கள் கூற்றன்று. எப்போது வேண்டும், எப்போது வேண்டா என்று எண்ணிப்பார்த்து அணிக என்பதே அவர்கள் கூறியது. ஓராண்டில் 21 டன் பிளாஸ்டிக் மிச்சமாயிற்று, பணமும் மிஞ்சியது, தாதியரின் கைத்தோலும் நலம்பெற்றது. புவியின் நலமும் பணியாளர் நலமும் ஒரே செயலால் விளைந்தமை காண்க.

புவிநலம் என்னும் கருத்தை 2015-இல் லான்செட் இதழும் ராக்பெல்லர் அறநிலையமும் அமைத்த குழு விரிவாக எடுத்துரைத்தது. மனிதரின் உடல்நலம், அவர்கள் சார்ந்திருக்கும் இயற்கையின் நலத்தைப் பொறுத்தது என்பதே அதன் சாரம். ஆயினும் தாதியர்க்கு இது முற்றிலும் புதிதன்று. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட நூலில், வீட்டின் நலத்துக்குத் தூயகாற்று, தூயநீர், நல்ல வடிகால், துப்புரவு, வெளிச்சம் என ஐந்தைக் குறித்தார். தாதி அடிக்கடி கைகழுவ வேண்டும் என்றும் அதில் வலியுறுத்தினார். அவர் ஒரு வீட்டுக்குச் சொன்னதை இன்று உலகம் என்னும் பெருவீட்டுக்குச் சொல்கிறோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் தாதியர் ஏறத்தாழ 3 கோடிப் பேர். மேலும் 58 இலட்சம் பேர் தேவைப்படுகின்றனர். ஆள் குறைந்த கூடத்தில் பணியாற்றும் தாதிக்கு நின்று எண்ணிப்பார்க்க நேரமேது? களைத்த கை, பெட்டியிலுள்ள கையுறையைத்தான் முதலில் நாடும். ஆகவே, குப்பையைக் குறைக்க என்று தாதியர்க்கு அறிவுரை கூறுவது மட்டும் போதாது. போதிய துணையாளரும், ஓய்வும், கைகழுவ அருகிலேயே வசதியும் அளித்தல் மருத்துவமனையை நடத்துவோர் கடமையாகும்.

உலகுக்குக் கையுறை செய்து அனுப்பும் நாடுகளுள் முன்நிற்பது மலேசியா. அப்பொருளின் பயனையும் அளவையும் மாணாக்கர்க்கு எடுத்துரைக்க நம் ஆசிரியர்களைக் காட்டிலும் பொருத்தமானவர் யார்?