மலையேறிய படகு

ஒட்டன்சத்திரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் ஊரில் பலகை என்றால் தக்காளிப் பெட்டிதான். அதுவும் இப்போது பிளாஸ்டிக் ஆகிவிட்டது. மார்க்கெட்டில் முருங்கைக்காய்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குக் கிளம்பும் லாரிகள்தான் நாங்கள் அறிந்த கப்பல்கள். ஆனால் ஊருக்குத் தெற்கே தெரிகிற மலைக்குப் பின்னால் ஒரு படகுக் கதை உண்டு. 1863-ல் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கிய மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச், அதில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். மோட்டார் ரோடு இல்லாத காலம். எத்தனை தோள்கள் மாறியதோ!

அந்தத் தூத்துக்குடியில்தான் நான் தோணியைப் பார்த்தேன். கச்சான் காற்று ஓங்கி அடிக்கும் மாதங்களில் மாலத்தீவு ஓட்டம் நின்றுவிடும். பழுது பார்க்கிற வேலை அப்போதுதான் மும்முரம். கரையேற்றிய தோணியின் உள்ளே குனிந்து போனால், அடிக்கட்டையான ஏராவிலிருந்து கிளம்பும் வங்குகள் மாட்டின் விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கின்றன. வளைந்த வங்குக்கு வளைந்து வளர்ந்த மரத்தையே தேடி எடுக்கிறார்கள். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டு வலுப் போய்விடும்.

பெரியவர் ஒருவர் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளியால் தட்டித் தட்டி உள்ளே ஏற்றுகிற வேலை. முதலில் சத்தம் சொத்தென்று விழுகிறது. இடுக்கு நிறைய நிறைய, கணீரென்று மாறுகிறது. அவர் இடுக்கைப் பார்க்கவேயில்லை, சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு பாடுபட்டும் ஒழுகுமா அண்ணாச்சி?”

“தண்ணியில கிடந்தா ஒழுகாது தம்பி. கரையில கிடந்தாத்தான் ஒழுகும்.”

மரம் தண்ணீரில் ஊறிப் பருத்து, இடுக்கைத் தானே இறுக்கிக்கொள்ளும். காய்ந்தால் சுருங்கி வாய் பிளக்கும். பழைய மரக்கலத்தை நிழலில் நிறுத்தி வார்னிஷ் அடித்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை போனது அந்த ஒரு பதிலில்தான்.

ஓட்டத்துக்கு வல்வெட்டித்துறை ‘அன்னபூரணி’யைவிட வேறு சாட்சி வேண்டாம். யாழ்ப்பாணத்து ஓடாவிகள் வேப்ப மரத்தில் கட்டிய பாய்க்கப்பல் அது. உலகைப் பாய்ப்படகில் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, மனைவி பெயரைச் சூட்டினார். சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக அது 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது, அதில் வல்வெட்டித்துறைக்காரர்கள் இருந்தார்கள். பெயரை மாற்றியவர் கட்டின கையை மாற்ற முடியாது அல்லவா?

நம் கடற்படையும் இப்போது அந்த வழிக்கு வந்திருக்கிறது. அஜந்தா ஓவியத்தைப் பார்த்து, ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து உருவாக்கிய ‘கௌண்டின்யா’, எஞ்சின் இல்லாமல் 2025 டிசம்பர் 29-ல் போர்பந்தரிலிருந்து பாய் விரித்து ஜனவரி 14-ல் மஸ்கட் சேர்ந்தது. தைத்தவர்கள் கேரளத்து பாபு சங்கரனின் குழுவினர். காட்சிக்கு வைக்காமல் கடலில் விட்டார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.

கிளம்பும்போது பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உளியைக் கீழே வைத்துச் சிரித்தார்.

“ஒட்டன்சத்திரமா? மாலத்தீவுக்கு உங்க ஊரு காய் எங்க தோணியில போயிருக்கும்லா!”