பிரிண்டரை ஊமையாக்கி 10 லட்சம் டாலர் கொள்ளை! கும்பகோணம் பேங்க்கில் கம்ப்யூட்டர் திருடர்கள் கைவரிசை

சோமனூர்,

பேங்க் கொள்ளை என்றால் சினிமா பார்த்தவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது நள்ளிரவு, முகமூடி, கியாஸ் வெல்டிங். காவலாளியைக் கட்டிப் போட்டுவிட்டு பெட்டகத்தை அறுப்பார்கள். மறுநாள் போலீஸ் மோப்ப நாய் வரும். பஸ் ஸ்டாண்டு வரை ஓடும். அங்கே நின்றுவிடும்.

கும்பகோணம் கொள்ளையில் இதில் ஒன்றுகூட கிடையாது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. பெட்டகத்தில் கை வைக்கவில்லை. ஆனால் பேங்க்கின் பெயராலேயே, ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கு, 3 உத்தரவுகள் வெளிநாடுகளுக்குப் பறந்துவிட்டன!

பாதிக்கப்பட்டது 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் பேங்க். சம்பவம் நடந்தது 2018-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந்தேதி, செவ்வாய்க்கிழமை.

"கும்பகோணத்து சங்கதி சோமனூருக்கு எதுக்குங்க?" என்று தறிக்காரர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அதே தந்திரம் சின்ன உருவத்தில் நூல் வியாபாரிகளின் செல்போனுக்கும் மெயிலுக்கும் வந்து கொண்டிருக்கிறது.

ஊமையான பிரிண்டர்

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது எப்படி என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்து தந்தி மணியார்டர் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கே தபால் ஆபீசில் பணம் கட்டினால், ரூபாய் நோட்டு ஊருக்குப் போகாது. "இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்று தந்திதான் போகும். அந்த ஊர் தபால்காரர் அங்கே இருக்கும் பணத்தைக் கொடுப்பார்.

உலகத்து பேங்க்குகளுக்கும் அப்படி ஒரு தந்தி ஆபீஸ் உண்டு. அதன் பெயர் ஸ்விப்ட். 1973-ல் தொடங்கியது. தலைமை ஆபீஸ் பெல்ஜியம் நாட்டில். 200-க்கும் மேற்பட்ட நாடுகளில் 11 ஆயிரத்துக்கும் அதிகமான பேங்க்குகளும் நிதி நிறுவனங்களும் இதில் சேர்ந்திருக்கின்றன. ஸ்விப்ட் வழியாகப் பணம் போவதில்லை; சேதிதான் போகும். கும்பகோணம் பேங்க்குக்கு நியூயார்க்கிலும் பிராங்பர்ட்டிலும் பெரிய பேங்க்குகளில் கணக்கு இருக்கும். "எங்கள் கணக்கில் இருந்து இவ்வளவு எடுத்து இன்னாருக்கு அனுப்பு" என்று இங்கிருந்து சேதி போனால் அவர்கள் அனுப்பிவிடுவார்கள். நம் ஊர் பேங்க்கில் இருந்து முறைப்படி வந்த சேதி என்றால் அவர்கள் நம்ப வேண்டியதுதானே!

கம்ப்யூட்டர் திருடர்கள் குறி வைத்தது அந்த நம்பிக்கையைத்தான். பேங்க்கின் ஸ்விப்ட் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, பேங்க்கே எழுதியதுபோல 3 உத்தரவுகளை எழுதிவிட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் அவர்களுக்கு உண்டு. உத்தரவு போனதும் "வந்து சேர்ந்தது" என்று பதில் ரசீது திரும்பி வரும். அது பிரிண்டரில் தானாகவே அச்சாகும். யாராவது எடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதனால் பிரிண்டரையே முடக்கிவிட்டார்கள்! அன்று ரசீது அச்சாகவில்லை. மறுநாள் காலை வரை யாருக்கும் விஷயம் தெரியாது.

பிரிண்டர் மக்கர் பண்ணுவது எந்த ஆபீசில்தான் இல்லை? அது ஓடவில்லை என்றால் யாரும் போலீசுக்கா போன் செய்வார்கள்? திருடர்கள் மனுஷ சுபாவம் தெரிந்தவர்கள்.

காலைக் கணக்கு இடித்தது

7-ந்தேதி காலை. முந்தைய நாள் அனுப்பிய உத்தரவுகளையும் வெளிநாட்டு பேங்க்குகள் காட்டும் கணக்கையும் ஒத்துப் பார்த்தார்கள். இது தினப்படி வேலை. கணக்கு இடித்தது. பேங்க் எழுதாத 3 உத்தரவுகள் அதில் இருந்தன.

முதல் உத்தரவு 5 லட்சம் டாலர். நியூயார்க் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு பேங்க் வழியாக துபாய் பேங்க் ஒன்றுக்கு. இது உடனே தடுக்கப்பட்டது.

இரண்டாவது 3 லட்சம் யூரோ. பிராங்பர்ட் வழியாக துருக்கி நாட்டுக் கணக்கு ஒன்றுக்கு. துருக்கி பேங்க் நிறுத்தி வைத்துவிட்டது.

மூன்றாவதுதான் பெரியது. 10 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் ரூ.6 கோடியே 40 லட்சம். நியூயார்க்கில் உள்ள பேங்க் ஆப் அமெரிக்கா வழியாக சீனாவில் உள்ள பேங்க்குக்குப் போனது. அங்கே ஒரு ஆசாமி போலி தஸ்தாவேஜுகளை நீட்டி "இது எனக்கு வர வேண்டிய பணம்" என்று வாங்கிக் கொண்டான்!

சோமனூர் கணக்கில் சொன்னால்தான் இந்தத் தொகையின் கனம் புரியும். மீட்டருக்குச் சில காசு கூலி உயர்வு கேட்டு இந்தப் பகுதி விசைத்தறிக்காரர்கள் 2022-லும் 2025-லும் வாரக்கணக்கில் தறியை நிறுத்திப் போராடினார்கள். அங்கே ஒருத்தன் நாலு காகிதத்தைக் காட்டி ஆறு கோடியை எண்ணிக்கொண்டு போனான்.

பேங்க் இதை மூடி மறைக்கவில்லை. அதே மாதம் பங்குச் சந்தைக்கு அறிவித்தது. "பல நாடுகளில் ஆள் வைத்துச் செய்த சதி இது, எங்கள் ஊழியர்களுக்குப் பங்கு இருப்பதாக ஆதாரம் இல்லை" என்ற கருத்தை பேங்க்கின் தலைமைச் செயல் அதிகாரி காமகோடி அப்போது தெரிவித்தார்.

அப்படித் தனியாகச் சொல்ல வேண்டிய நிலைமை அப்போது இருந்தது. அதே மாதம் 14-ந்தேதிதான் பஞ்சாப் நேஷனல் பேங்க்கில் நீரவ் மோடி மோசடி வெடித்தது. முதலில் வந்த கணக்கே ரூ.11 ஆயிரத்து 400 கோடி. மும்பை கிளை ஊழியர்களே ஸ்விப்ட்டில் சேதி அனுப்பிவிட்டு பேங்க் கணக்கில் ஏற்றாமல் விட்டார்கள் என்பது அங்கே குற்றச்சாட்டு. அங்கே உள் ஆள், இங்கே வெளி ஆள். ஆனால் ஓட்டை ஒன்றுதான்: சேதி அனுப்பும் எந்திரமும் கணக்கு எழுதும் எந்திரமும் ஒன்றோடு ஒன்று பேசவில்லை. இரண்டையும் ஏப்ரல் 30-ந்தேதிக்குள் இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் கெடு வைத்தது. 2016 ஆகஸ்டில் இருந்தே 3 தடவை ரகசியமாக எச்சரித்ததாகவும் சொன்னது.

எச்சரிக்கை கொடுத்தும் கெடு வைக்க வேண்டி வந்தது என்றால், எச்சரிக்கையை எத்தனை பேர் படித்தார்களோ!

டாக்காவில் நடந்த ஒத்திகை

ரிசர்வ் பேங்க் 2016-ல் விழித்துக் கொண்டதற்குக் காரணம் பக்கத்து வங்காளதேசம்.

2016 பிப்ரவரி 4-ந்தேதி, வியாழக்கிழமை இரவு. வங்காளதேச மத்திய பேங்க்கின் பெயரில் நியூயார்க் பெடரல் ரிசர்வுக்கு 35 உத்தரவுகள் போயின. மொத்தத் தொகை 95 கோடியே 10 லட்சம் டாலர்! அங்கேயும் பிரிண்டர்தான் முதலில் படுத்தது.

நாள் பார்த்ததில் ஜோசியக்காரர் தோற்றார். டாக்காவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்சில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் விழித்திருந்தால் இன்னொருவர் ஆபீஸ் பூட்டியிருக்கும்.

கோட்டை விட்டது ஒரு எழுத்துப் பிழையில்! 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் கணக்குக்குப் போக வேண்டும். 'பவுண்டேசன்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பாண்டேசன்' என்று எழுதிவிட்டார்கள். நடுவில் இருந்த ஜெர்மன் பேங்க்குக்கு சந்தேகம் வந்து கேள்வி கேட்டது. பணம் நின்றது.

30 உத்தரவுகள் நியூயார்க்கிலேயே நின்றதிலும் ஒரு அதிர்ஷ்டம். பணம் போக வேண்டிய மணிலா கிளை இருந்தது ஜூபிடர் தெருவில். 'ஜூபிடர்' என்ற பெயரில், ஈரான் மீதான அமெரிக்கத் தடைப் பட்டியலில் ஒரு கப்பல் இருந்தது. பெயர் ஒத்துப் போனதால் கம்ப்யூட்டர் மணி அடித்தது. தெரு வேறு பெயரில் இருந்திருந்தால்?

அப்படியும் 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போய், அங்குள்ள சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. சுமார் ஒன்றரை கோடி டாலர் மட்டுமே பிறகு திரும்பியது. வங்காளதேச மத்திய பேங்க் கவர்னர் பதவி விலகினார். பணம் எடுக்க உடந்தை என்று மணிலா கிளை மேலாளருக்கு 2019 ஜனவரியில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதன் பின்னால் இருந்ததாக வடகொரியாவைச் சேர்ந்த ஒருவர் மீது அமெரிக்கா 2018 செப்டம்பரில் குற்றம் சாட்டியது. வடகொரியா மறுத்தது.

500 டாலர் கணக்கு

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. மணிலாவில் பணம் வாங்கிய கணக்குகள் கொள்ளைக்கு 9 மாதம் முன்பே, 2015 மே மாதத்தில், போலிப் பெயர்களில் ஆளுக்கு 500 டாலர் போட்டுத் திறக்கப்பட்டவை. அதுவரை சும்மா கிடந்தன.

கம்ப்யூட்டருக்குள் புகுவது ஒரு கில்லாடி செய்கிற வேலை. ஆனால் பணத்தை வெளியே எடுக்க ஊருக்கு ஊர் கணக்கும் ஆளும் வேண்டும்.

புனே காஸ்மாஸ் கூட்டுறவு பேங்க்கில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2018 ஆகஸ்டு 11-ந்தேதியும் 13-ந்தேதியும் நடந்தது. மொத்தம் ரூ.94 கோடிக்கு மேல் போனது. பேங்க்கின் ஏ.டி.எம். கம்ப்யூட்டரை ஏமாற்றிவிட்டு, போலி கார்டுகளை வைத்து 28 நாடுகளில் ஒரே சமயத்தில் பணம் எடுத்தார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் இரண்டரை கோடி ரூபாய். 2023 ஏப்ரலில் புனே கோர்ட்டு 11 பேருக்குத் தண்டனை கொடுத்தது. மாட்டியது ஏ.டி.எம். வாசலில் நின்று நோட்டு எடுத்த கூட்டம்.

இங்கேதான் நம் ஊர்ப் பையன்கள் உஷாராக இருக்க வேண்டும். "தம்பி, உன் பேங்க் கணக்கை கொஞ்ச நாளைக்குக் கொடு. பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூணும் போதும். மாசம் இவ்வளவு தர்றேன்" என்று நயமாகப் பேச ஆட்கள் வருகிறார்கள். வாடகைக்கு வீடு விடுவதுபோல கணக்கை வாடகைக்கு விடுவது! திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால், போலீஸ் முதலில் தட்டுவது கணக்குக்காரன் வீட்டுக் கதவைத்தான். "எனக்குத் தெரியாதுங்க, அண்ணன் கேட்டாரு, கொடுத்தேனுங்க" என்றால் அப்போது அந்த அண்ணன் எங்கே இருப்பார்?

மில் பெயரில் மெயில்

நூல் வியாபாரிகளுக்கு வருவது வேறு வலை. வழக்கமாக நூல் அனுப்பும் மில்லின் பெயரில் மெயில் வரும். பில் அதே பில். லோகோ அதே லோகோ. "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இனி புதிய கணக்கில் போடவும்" என்று கடைசியில் ஒரு வரி. மெயில் முகவரியில் ஒரு எழுத்து மட்டும் வேறாக இருக்கும். குமாஸ்தா அவசரத்தில் ஆர்.டி.ஜி.எஸ். போட்டுவிடுவார். நாலு நாள் கழித்து மில்லில் இருந்து போன் வரும். "பணம் இன்னும் வரலீங்களே?"

கும்பகோணத்தில் நடந்ததும் இதுதான். அடுத்தவன் பெயரில் ஒரு உத்தரவு.

மெயிலில் இருக்கும் நம்பருக்கு போன் செய்து கேட்பதில் பயனில்லை. எடுப்பவனே திருடன்தான்! பழைய பில்லில், பழைய டைரியில் இருக்கும் நம்பருக்கு அடித்துக் கேட்க வேண்டும்.

தறிக்காரர்களுக்கு ஒத்துப் பார்ப்பது புதிதில்லை. பாவு இவ்வளவு போனது, ஊடை நூல் இவ்வளவு கிலோ போனது, துணி இவ்வளவு மீட்டர் வந்தது, கழிவு இவ்வளவு என்று நோட்டுப் போட்டுப் பார்க்கிறவர்கள். எடை இடித்தால் அன்றே கேள்வி வரும். ஆனால் பேங்க் எஸ்.எம்.எஸ். வந்தால் மட்டும் படிக்காமல் தள்ளிவிடுகிறார்கள்.

3 நாள் கெடு

பணம் போனது தெரிந்தால் என்ன செய்வது?

ரிசர்வ் பேங்க் 2017 ஜூலை 6-ந்தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. பேங்க் மேலும் தப்பு இல்லை, வாடிக்கையாளர் மேலும் தப்பு இல்லை, நடுவில் எவனோ புகுந்துவிட்டான் என்றால், பேங்க் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது என்று அது சொன்னது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்ச நஷ்டம் ரூ.10 ஆயிரம். அதற்கும் மேலே தாமதமானால் அந்தந்த பேங்க் வைத்திருக்கும் விதிப்படி. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டிய கடமை பேங்க்கினுடையது.

ஆனால் ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டால் கதை வேறு. பேங்க்கில் சொல்லும் வரை போன பணம் நம் தலையில். சொன்ன பிறகு போனால் பேங்க் தலையில். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். மில் பெயரில் வந்த மெயிலை நம்பி நாமே அனுப்பிய பணத்துக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்குவது ஒன்றே வழி.

அதற்குத்தான் 1930 என்ற டெலிபோன் நம்பர். நாடு முழுவதும் இதே நம்பர்தான். இதில் சொன்னால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அந்த பேங்க்குக்குத் தகவல் போகும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் பிழைக்கும். சோமனூர், கருமத்தம்பட்டி பகுதிகள் கோவை மாவட்ட போலீஸ் எல்லையில் வருவதால், புகார் போக வேண்டியது மாவட்ட சைபர் கிரைம் போலீசுக்கு. மாநகர போலீசுக்கு இல்லை. போகும்போது பணம் போன நாள், நேரம், பேங்க் எஸ்.எம்.எஸ்.சில் உள்ள பரிவர்த்தனை எண், வந்த மெயில் அல்லது போன் நம்பர், கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். வந்த மெயிலை கோபத்தில் அழித்துவிடக் கூடாது. போலீசாருக்கு அதுதான் தடயம்.