இஞ்சினுக்குக் கூடுதல் மூச்சு

நம் சங்கத்து அன்பர் ஒருவரிடம் 1957-ல் பதிவான எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. அவருடைய தகப்பனார் கல்கத்தாவில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்தபோது, சீமைக்குத் திரும்பிய மேலதிகாரியிடம் தவணை முறையில் வாங்கியது. அன்பரின் மகன் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவன். வரும்போது துணிமணிகளுக்கு நடுவே பழைய சூப்பர்சார்ஜர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். அதைத் தாத்தாவின் காரில் பொருத்தியே தீர வேண்டும் என்று அவன் நிற்க, கைவைக்கக் கூடாது என்று அப்பா நிற்க, பஞ்சாயத்து என்னிடம் வந்தது. கம்ப்ரஸர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் என்ற தகுதிதான். அந்தப் பஞ்சாயத்து எப்படி முடிந்தது என்பதையும், இந்தச் சாதனம் வேலை செய்யும் விதத்தையும் நம் வாசகர்களுக்கு விளங்கும்படி எழுதுகிறேன்.

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன?

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இஞ்சினுக்குள் பெட்ரோலை அதிகமாக ஊற்றுவது எளிது. காற்றை அதிகமாகச் செலுத்துவதுதான் கடினம். சாதாரண இஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சும் காற்றோடு திருப்தி அடைகிறது. வெளியிலிருந்து காற்றை அழுத்தித் திணித்தால், அதே இஞ்சின் கூடுதல் பெட்ரோலை எரித்துக் கூடுதல் சக்தி தரும். கொல்லன் பட்டறைத் துருத்தி நெருப்புக்குச் செய்வதை இது இஞ்சினுக்குச் செய்கிறது.

உவமைக்காக மட்டும் துருத்தியைச் சொல்லவில்லை. இவ்வகையில் பெயர்பெற்ற ரூட்ஸ் ஊதியை அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை செய்தார்கள். அது முதலில் பயன்பட்டது உலைகளுக்குக் காற்று ஊதத்தான். நம் தெருமுனையில் கரும்பு பிழியும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப்போல இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஆனால் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. உருளைக்கும் கூட்டின் சுவருக்கும் இடையே அகப்பட்ட காற்றை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. உருளைகளைச் சுற்றுவது இஞ்சினிலிருந்து வரும் பெல்ட். டர்போவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகை, இதைச் சுழற்றுவது இஞ்சினின் சொந்த உழைப்பு. ஆகவே கிடைக்கும் கூடுதல் சக்தியில் ஒரு பங்கை இதுவே தின்றுவிடும்.

காட்லீப் டெய்ம்லர் 1885-லேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1921-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் கம்பெனி சூப்பர்சார்ஜர் வைத்த கார்களை விற்பனைக்குக் காட்டியது. நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது மைதானத்து ரெட் ரோடு விமான ஓடுபாதையாக இருந்தது என்பது பலருக்கும் தெரியும். அங்கிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானங்களின் மெர்லின் இஞ்சினில் சூப்பர்சார்ஜர் இருந்தது. உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும் அல்லவா? அந்தக் குறையை ஈடு செய்ய அது அவசியமாயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்பானரை எடுக்கும் முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்பா, மகன் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு வழக்கில் இதை உறுதி செய்திருக்கிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிகளின்படி, முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் புராதன வாகனமாகப் பதியலாம். ஆனால் அது அசல் நிலையில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அறுபது வருஷத்துக்கும் மேலாகப் போற்றிய கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில் அந்தத் தகுதியை இழந்துவிடக் கூடும். தாத்தா மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய சொத்து அது.

பையனின் முகம் வாடிவிட்டது. "அப்படின்னா இதை அலமாரியிலே வெச்சுப் பூஜை பண்ண வேண்டியதுதானா மாமா?" என்று கேட்டான். அதற்கு வழி நம் ஊரிலேயே இருந்தது.

அம்பாசிடர் என்னும் தம்பி

1955-ல் வெளிவந்த எம்.ஜி.ஏ. காரின் இஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொண்டது; பி.எம்.சி. கம்பெனியின் 'பி' வரிசை. 1959 முதல் நம் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடருக்குப் பொருத்திய இஞ்சினும் அதே 'பி' வரிசை, அதே 1489. இரண்டு கார்புரேட்டருடன் அண்ணன் 72 குதிரைத்திறன் வரை தந்தான். ஒரே கார்புரேட்டருடன் தம்பி சுமார் 55 தந்தான். 2014-ல் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுவிட்டாலும், மல்லிக் பஜாரில் அந்த இஞ்சினும் உதிரிப் பாகங்களும் தேடினால் அகப்படும். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிரித்துப் பூட்டும் மிஸ்திரிகளும் இன்னும் இருக்கிறார்கள்.

பழைய அம்பாசிடர் இஞ்சின் ஒன்றை வாங்கி, இரும்புச் சட்டத்தில் ஏற்றி, பெஹாலாவில் அன்பரின் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, சோதனையை அதில் செய்வது என்று முடிவாயிற்று. எம்.ஜி. காரின் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்துவதில்லை என்பது நிபந்தனை. இருவரும் சம்மதித்தார்கள்.

பொருத்திய முறை

முதலில் இஞ்சினின் உடல்நலம். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தமானி வைத்துப் பார்த்து, நான்கும் ஏறத்தாழ ஒன்றாக வந்த பிறகே அடுத்த வேலை. தேய்ந்த ரிங் உள்ள இஞ்சினில் காற்றைத் திணிப்பது, ஆஸ்துமாக்காரரை மாடிப்படி ஏறச் சொல்வது போன்றது.

இரண்டாவது புல்லி கணக்கு. எங்களிடம் இருந்தது 2002 முதல் சில ஆண்டுகள் மினி கூப்பர் எஸ் காரில் வந்த ஈட்டன் எம்45. அது ஒரு சுற்றுக்குச் சுமார் 737 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். இஞ்சின் இரண்டு சுற்றுக்கு 1489 உறிஞ்சும். அதாவது சுற்றுக்கு 745. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் பயன் ஏதுமில்லை. இஞ்சின் பக்கம் 150 மில்லிமீட்டர், ஊதியின் பக்கம் 100 மில்லிமீட்டர் என்று ஹவுரா பெலிலியஸ் ரோடு லேத் பட்டறையில் புல்லிகளைக் கடைந்துகொண்டோம். இப்போது ஊதி ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றி, இஞ்சினின் ஒரு சுற்றுக்கு 1105 வரை தள்ளும். குறைந்த வேகத்தில் உருளைகளின் இடுக்கு வழியே கசிவு அதிகம். அது போக அளவுமானி சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு காட்டியது.

மூன்றாவது அழுத்த விகிதம். பி.எம்.சி. இந்த இஞ்சினை 8.3-க்கு 1, 7.2-க்கு 1 என்று இரு விகிதங்களில் தயாரித்தது. வளிமண்டல அழுத்தம் 14.7 பவுண்டு. அதன்மேல் 4 பவுண்டு சேர்ந்தால் 8.3 என்பது உத்தேசமாக 10.6-க்குச் சமமாகிவிடும், 7.2 என்பது 9.2-ல் நிற்கும். விகிதம் ஏற ஏற, பெட்ரோல் தன் முறைக்கு முன்பே வெடித்து 'நாக்கிங்' என்னும் தட்டல் வரும். அந்தத் தட்டல் தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். ஆகவே 7.2 விகித இஞ்சினே எங்களுக்கு ஏற்றது. அதிலும் ஸ்பார்க் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளி வைத்தோம்.

நான்காவது எரிபொருள். எஸ்.யு. கார்புரேட்டரை ஊதிக்கு முன்னால் வைத்தோம். காற்றை அழுத்தினால் சூடாகும். உடன் வரும் பெட்ரோல் ஆவியாகி அந்தச் சூட்டைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் இந்த அமைப்பில் ஊதி முழுவதும் எரியக்கூடிய கலவை நிறைந்திருக்கும். பின்வெடிப்பு ஏற்பட்டால் ஊதி சிதறாமலிருக்க, வில் வைத்த பாதுகாப்பு வால்வு ஒன்று மானிஃபோல்டில் கட்டாயம் வேண்டும். மேலும் இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும். அது எரியக் காற்று குறைவாகவே தேவை என்பதால், கார்புரேட்டர் ஊசியை இன்னும் அதிகப் பெட்ரோல் தரும்படி மாற்ற வேண்டும். குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிய பின்னரே பெட்ரோல் ஊற்றினோம்.

ஐந்தாவது சுமை. சும்மா ஓடும் இஞ்சினில் சூப்பர்சார்ஜரின் குணம் தெரியாது. திராட்டிலை முழுக்கத் திறந்து இழுக்க வைத்தால்தான் தெரியும். லோட்ஷெடிங் காலத்தில் ஒரு குடியிருப்புக்கு வெளிச்சம் தந்த 15 கேவிஏ ஆல்டர்னேட்டர் ஒன்றை இஞ்சினோடு இணைத்தோம். லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களில் 1500 வாட் ஹீட்டர் ராடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் நின்றால் இஞ்சின் நிமிஷத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது என்று பொருள்.

கண்ட பலன்

ஊதி இல்லாமல் ஏழு ராடுகள் வரை முள் 50-ல் நின்றது; எட்டாவதைப் போட்டதும் இஞ்சின் திணறியது. ஊதியைப் பொருத்தியபின் எட்டையும் சிரமமின்றித் தாங்கியது. ஒன்பதாவதைப் போட்டால் முள் 48-க்கு இறங்கி அங்கேயே நின்றது. புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை அந்த ஒரு ராடு விளக்கிவிட்டது. பையன் பீப்பாய்த் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். அவன் அப்பா அன்று முதல்முறையாக, "இன்னொரு தடவை போடு, பார்க்கலாம்" என்றார்.

சில எச்சரிக்கைகள்

வீட்டில் இவ்வேலை செய்ய விரும்பும் இளைஞர்கள் இவற்றை மறக்கலாகாது. மூடிய கொட்டகையில் இஞ்சினை ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயக்கம் வந்த பிறகு எழுந்து கதவைத் திறக்க முடியாது. புகைக் குழாயை வெளியே விட்டு, கதவையும் திறந்து வையுங்கள். பெட்ரோல் டின் இஞ்சினுக்கு எட்டத்தில் இருக்கட்டும். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெல்ட் ஓடும்போது புடவைத் தலைப்பு, துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் அருகே வரக் கூடாது.

காரிலேயே பொருத்த ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. சக்தியைக் கூட்டினால் பிரேக்கையும் ரேடியேட்டரையும் சேர்த்தே கூட்ட வேண்டும். எம்.ஜி.ஏ. 1500 காரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். மே மாத வெயிலில் கரியாஹாட் நெரிசலில் நிற்கும் வண்டிக்குக் கூடுதல் வேகத்தால் என்ன லாபம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகள் இயந்திரத்தில் கைவைக்க ஆசைப்பட்டால் வேண்டாம் என்று தடுக்காதீர்கள்; கைவைக்கத் தகுந்த இயந்திரம் ஒன்றைத் தேடிக் கொடுங்கள். கணினித் திரையில் எல்லாம் கற்றுக்கொள்ளும் தலைமுறைக்கு, கிரீஸ் படிந்த விரலால் கற்ற பாடம் ஒன்றாவது இருக்கட்டும்.

இதில் ஐயமுள்ள அன்பர்கள் ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் என்னைக் காணலாம். ஒன்பதாவது ராடையும் 50-லேயே நிறுத்துவதற்கு யாரிடமாவது யோசனை இருந்தால், அவருக்கு டிகிரி காபி என் செலவு.